குழிச்சுவர் அல்ல, இடைவெளிச் சுவர்

லண்டனில் அக்கா வீட்டில் தோட்டத்துப் பக்கச் சுவரை அறுத்து ஸ்லைடிங் கதவு வைக்கிறார்கள். ஆங்கிலச் செய்முறையைக் கைபேசியிலேயே தமிழாக்கி அத்தான் எனக்கு அனுப்பியிருந்தார். 'குழிச்சுவரின் குழியை மூடவும்' என்றது அது. கட்டுமானக் காணொளிகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே 'குழிச்சுவர்'.

ஆங்கிலத்தில் அது 'கேவிட்டி வால்' (cavity wall). கேவிட்டி என்பது, உள்ளீடற்றது என்று பொருள்படும் லத்தீன் சொல்வழி வந்தது. பல்லுக்குக் குழி சரி. அங்கிருந்து தூக்கிவந்து சுவரில் ஒட்டியதுதான் தவறு.

இரண்டு உலகப் போர்களுக்கு இடையே பிரிட்டனில் பரவலான கட்டுமுறை இந்தச் சுவர். வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர், நடுவே பழைய வீடுகளில் சுமார் 50 மி.மீ. இடம். இரண்டையும் கம்பிகள் பிணைத்திருக்கும். வெளிச்சுவரில் ஊறும் மழைநீர் உள்சுவரைத் தொடக்கூடாது, அதற்கே அந்த இடம்.

இதில் குழி எங்கே? தமிழில் குழி என்றால் வாயும் அடியும் உள்ளது. பல்லாங்குழி, கன்று நடும் குழி. சுவரில் குழி என்றால் நமக்கு விளக்கு வைக்கும் மாடக்குழி. அதைவிட மோசம், 'குழியை மூடு' என்றால் எந்தக் கொத்தனாரும் கலவையை அள்ளிப்போட்டு அடைப்பார். கதவுக்காக அறுத்த ஓரத்தில் அப்படிச் செய்தால் கலவை வழியே ஈரம் உள்சுவருக்கு ஏறும், கதவோரப் பூச்சு உப்பும்.

'உட்புழைச் சுவர்' என்றும் எழுதுகிறார்கள். தூய தமிழ்தான், ஆனால் புழை என்பது ஒரே சுவருக்குள் இருக்கும் துளை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய 'எலிப்பொறி' என்ற செங்கல் கட்டுமுறைக்கு வேண்டுமானால் பொருந்தும்; அதில் குறுக்குச் செங்கற்கள் உள்வெற்றிடத்தைத் தனித்தனிப் பொந்துகளாகப் பிரித்துவிடும். இங்கே வெற்றிடம் அறுபடாமல் ஓட வேண்டும். 'இடைவெளி' என்றாலே இரண்டு பொருள் இருப்பதும் அவை ஒட்டாதிருப்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. புதுச்சொல் செய்யக் கிளம்புகிறவர்களுக்கு இந்தப் பழகிய சொல் ஏன் கண்ணில் படவில்லை?

அதே செய்முறையில் 'பேட்டியோ' (patio) என்ற சொல் 'உள்முற்றம்' ஆகியிருந்தது. ஸ்பெயினில் உள்முற்றம்தான். இங்கிலாந்தில் அது வீட்டுக்குப் பின்னால் தளம் போட்ட வெளி. ஸ்லைடிங் கதவு 'நெகிழ் கதவு'. பிளாஸ்டிக் கதவா என்று அக்கா கேட்டாள்.

அவள் அனுப்பிய படத்தில், அறுத்த ஓரத்தில் இரு சுவர்களும் நடுவே விரல் நுழையும் இருட்டும் தெளிவாகத் தெரிகின்றன. 'இடைவெளியின் வாயை ஈரத்தடுப்புப் பட்டை வைத்து அடையுங்கள், கலவை வேண்டாம்' என்று அத்தானுக்குத் திருத்தி அனுப்பினேன்.