வாட்டர்ஷெட்: வேலியா, வயலா?

நீரியலில் புழங்கும் ‘வாட்டர்ஷெட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் வரும் ‘ஷெட்’ நமக்குத் தெரிந்த கார் ஷெட் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பிரிப்பு என்று பொருள். தலைமுடியைப் பிரித்துச் சீவும் கோட்டையும் அங்கே ஷெட் என்று சொல்லியிருக்கிறார்கள். நம்முடைய வகிடுதான். ஜெர்மன் மொழியில் ‘வாஸர்ஷைடே’, அதாவது நீரைப் பிரிப்பது, என்றொரு சொல் உண்டு. அதன் அச்சிலேயே 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாட்டர்ஷெட் ஆங்கிலத்துக்கு வந்தது.

ஆக, முதற்பொருள் ஒரு மேடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில் விழும் மழைத்துளி இந்தப் பக்கம் சரிந்தால் வங்கக் கடலுக்கு, அந்தப் பக்கம் சரிந்தால் அரபிக் கடலுக்கு. நம் பாடநூல்கள் இதை நீர்ப்பிரிமேடு என்கின்றன, நல்ல சொல். (1895இல் முல்லைப் பெரியாற்று நீரை வைகைப் பக்கம் திருப்பியது இந்த வகிட்டைத் துளைத்துத்தான்.)

அப்புறம் குழப்பம் வந்தது. அந்த மேட்டுக்கு உட்பட்டு, ஒரே ஆற்றுக்கு நீரை அனுப்பும் நிலப்பரப்பு முழுவதையும் வாட்டர்ஷெட் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் இன்று இதுதான் பெருவழக்கு. வேலிக்கும் வயலுக்கும் ஒரே பெயர் வைத்த மாதிரி. மொழிபெயர்ப்பவர் எந்தப் பொருள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘வாட்டர்ஷெட் தருணம்’ என்று வந்தால் கவலையில்லை, திருப்புமுனை என்று போட்டுவிடலாம்.

நிலப்பரப்பைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. வடிநிலம் பெரிய ஆறுகளுக்குப் போய்விட்டது, காவிரி வடிநிலம் என்பதுபோல. மீதி நீர்ப்பிடிப்புப் பகுதியும் நீர்வடிப்பகுதியும். அணைக்கும் ஏரிக்கும் முதலாவது பொருத்தமே, அவை நீரைப் பிடிக்கின்றன. ஆற்று வெள்ளத்தைக் கணக்கிடும் இடத்தில் என் ஓட்டு இரண்டாவதற்கு. காரணம், அந்தக் கணக்கே நிலம் பிடித்துக்கொள்ளாமல் விட்ட நீரைப் பற்றியது. சோறு வடிக்கிறோம், வெள்ளம் வடிகிறது, வடிகால் வெட்டுகிறோம். எல்லாவற்றிலும் நீர் தங்காமல் போகிறது.

அப்படிப் போகும் நீர்தான் ‘ரன்னாஃப்’. வழிந்தோடும் நீர் என்று விரித்துச் சொல்லலாம், சுருக்கமாக ஓடுநீர். இதற்கான மிக எளிய கணக்கு முறை 1851இல் மல்வானி என்ற அயர்லாந்துப் பொறியாளர் தந்தது: மழையின் வேகம், பரப்பு, விழுந்ததில் எத்தனை பங்கு ஓடும் என்ற விகிதம், மூன்றையும் பெருக்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டரில் மணிக்கு 36 மி.மீ. மழை என்று வையுங்கள். பத்தில் இரண்டு பங்கு மட்டும் ஓடும் காடாக இருந்தால் விநாடிக்கு 2 கன மீட்டர். அதே இடம் ஒன்பது பங்கு ஓடும் கான்கிரீட்டும் தாருமாக மாறினால் 9 கன மீட்டர். மழை அதே மழைதான்.

ஒரு நிபந்தனை உண்டு. கடைக்கோடி மூலையில் விழுந்த நீரும் வந்து சேரும்வரை மழை நீடிக்க வேண்டும். அந்த நேரத்தைச் சேர்நேரம் எனலாம். பெரிய பரப்புக்கு இந்த முறை ஒத்துவராது, ஒரே மழை எங்கும் ஒரே சீராகப் பெய்வதில்லையே.

கடைசியாக ‘பீக் டிஸ்சார்ஜ்’, அதாவது வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது ஓரிடத்தை விநாடிக்கு எவ்வளவு நீர் கடக்கிறது என்ற அளவு. இதை ‘உச்ச வெளியேற்றம்’ என்று எழுதுகிறார்கள். அணையின் மதகுக்குச் சரி, பாலத்தின் அடியில் போகும் ஆறு எதை வெளியேற்றுகிறது? உச்சப் பாய்வு என்றால் போதும். இதைக் கணிக்க அன்றைய சென்னை மாகாணத்துக்காக 1884இல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் ஒரு சூத்திரம் தந்தார். சதுர கிலோமீட்டரில் பரப்பை எடுத்து, வர்க்கமாக்கி, அதன் கனமூலம் கண்டு, ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 1000 சதுர கிலோமீட்டருக்கு அந்தக் கனமூலம் 100 வரும். கிழக்குக் கடலோரத்துக்கு எண் 6.8, ஆகவே விநாடிக்கு 680 கன மீட்டர், ஏறக்குறைய 24 ஆயிரம் கன அடி. மலையை ஒட்டிய சிறு பகுதிகளுக்கு எண் 10.2 வரை போகும். சூத்திரத்தில் மழைக்கென்று தனி எழுத்தே கிடையாது. மழையும் நிலத்தின் குணமும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடக்கம்.