குலுக்கல் எந்த வரிசையில் விழுகிறது? சிங்கப்பூரில் தொடக்கநிலை 1 பதிவு

ஜூலை பிறந்தால் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரே பேச்சுதான்: "எந்தப் பள்ளிக்குப் போட்டீங்க?" போன ஆண்டு, ஊரிலிருந்து வந்து நாலைந்து வருடமான ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணே, இங்க சீட்டுக் குலுக்கித்தான் பள்ளிக்கூடமே தர்றாங்களாமே, அப்போ அதிர்ஷ்டம் இருந்தா யாருக்கு வேணும்னாலும் கிடைக்குமா?"

கிடைக்காது. குலுக்கல் உண்டு. ஆனால் அதற்குள் நம் பெயர் ஏறுவதற்கு முன்பே முக்கால்வாசி விஷயம் முடிந்திருக்கும். பதிவு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், வீணான நம்பிக்கையும் குறையும், வீணான பயமும் குறையும்.

முதலில் வயது. ஓர் ஆண்டின் ஜனவரி 2 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே தொகுப்பு. 2027ல் தொடக்கநிலை 1, அதாவது முதல் வகுப்பில், சேரும் பிள்ளை 2020 ஜனவரி 2க்கும் 2021 ஜனவரி 1க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். பதிவு அதற்கு முந்தைய ஆண்டின் நடுவில் நடக்கும். எல்லாம் இணையத்தில்தான்; அரசின் இணைய அடையாளமான சிங்பாஸ் இருந்தால் போதும். பள்ளி வாசலில் விடியற்காலையிலேயே வரிசை கட்ட வேண்டியதில்லை, முந்திப் பதிந்தவருக்கு முன்னுரிமையும் இல்லை.

பதிவு கட்டம் கட்டமாக நடக்கும். முதல் கட்டம், அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு. அவர்கள் எல்லாருக்கும் இடம் உறுதி. அடுத்து 2ஏ: அப்பாவோ அம்மாவோ உடன்பிறந்தவரோ அங்கே படித்திருந்தால், பெற்றோர் அங்கே வேலை பார்த்தால், பள்ளியின் ஆலோசனைக் குழுவில் இருந்தால், அல்லது அந்தப் பள்ளியின் பொறுப்பில் உள்ள கல்வி அமைச்சின் பாலர் பள்ளியில் பிள்ளை படித்தால். அப்புறம் 2பி: பெற்றோர் தொண்டூழியர்கள், பள்ளியோடு நேரடித் தொடர்புள்ள தேவாலயம் அல்லது குலமரபுச் சங்கத்தின் உறுப்பினர்கள், அடித்தள அமைப்புகளில் செயல்படும் சமூகத் தலைவர்கள். இது எதுவுமே இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு 2சி. அதிலும் கிடைக்காதவர்களுக்கு 2சி துணைக் கட்டம். குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இல்லாத வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசியாக மூன்றாம் கட்டம்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பள்ளிதான் போட முடியும். ஐந்தாறு பள்ளிகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முறை இங்கே கிடையாது. இதன் விலை என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

2பி பற்றி ஒரு வார்த்தை. தொண்டூழியம் என்றால் நினைத்த நேரத்தில் போய் நிற்பதல்ல. பதிவு ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஜூலை 1க்குள் பள்ளி நம்மைச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதிவு ஆண்டு ஜூன் 30க்குள் 40 மணி நேரம் செய்திருக்க வேண்டும். சாலை கடக்கப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது போன்ற வேலைகள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா முழுதாக 40 மணி நேரமும் செய்தார். 2பி கட்டத்திலேயே குலுக்கல் விழுந்து இடம் போனது. தொண்டூழியம் அந்தக் கட்டத்துக்குள் நுழையத்தான் சீட்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். முன்பெல்லாம் 2ஏ வரைக்குமே பெரும்பாலான இடங்கள் போய்விடும் என்ற மனக்குறை நிறையப் பேருக்கு இருந்தது. அதனால்தான் 2014 பதிவிலிருந்து 2பிக்கும் 2சிக்கும் தலா 20 இடங்கள் ஒதுக்கினார்கள். 2022ல் 2சிக்கான ஒதுக்கீடு 40 ஆனது. இன்றைக்கு எந்தப் பள்ளியானாலும் 2பிக்கு 20, 2சிக்கு 40 தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்குகிறார்கள்.

ஒரு கற்பனைப் பள்ளியை வைத்துக்கொள்வோம். தொடக்கநிலை 1ல் ஒரு வகுப்புக்கு ஏறக்குறைய 30 பேர். ஐந்து வகுப்புகள், 150 இடங்கள். முதல் கட்டத்தில் தம்பி தங்கைகள் 60 பேர் வந்துவிட்டார்கள். மீதி 90. அதில் 60 ஒதுக்கீடு, ஆக 2ஏக்கு 30. அதற்கு 45 பேர் போட்டால் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கே குலுக்கல் வரும். 2பியின் 20 இடத்துக்கு 16 பேர் போட்டார்கள் என்றால், மிஞ்சிய 4 இடம் 2சிக்கு வரும். ஆக 44.

2சியில் அந்த 44க்கு 70 பேர் போடுகிறார்கள். உடனே 70 பேர் பெயரையும் ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்குவார்கள் என்றுதான் அந்தத் தம்பி நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. முதலில் வரிசைப்படுத்துவார்கள். பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வசிக்கும் குடியுரிமைப் பிள்ளைகள் முதல் வரிசை. 1 முதல் 2 கிலோமீட்டருக்குள் உள்ள குடியுரிமைப் பிள்ளைகள் இரண்டாவது. 2 கிலோமீட்டருக்கு வெளியே உள்ள குடியுரிமைப் பிள்ளைகள் மூன்றாவது. அதற்குப் பிறகுதான் நிரந்தரவாசிப் பிள்ளைகள், அதே தூர வரிசையில்.

முதல் வரிசையில் 30 பேர். எல்லாருக்கும் இடம், குலுக்கலே இல்லை. மீதி 14 இடம். இரண்டாவது வரிசையில் 25 பேர். இங்கேதான் குலுக்கல், 14 இடத்துக்கு 25 பேர். அதற்கு அப்பால் நிற்கும் 9 குடியுரிமைப் பிள்ளைகளுக்கும் 6 நிரந்தரவாசிப் பிள்ளைகளுக்கும் குலுக்கலில் பெயர்கூட ஏறாது. அதாவது 70 பேர் போட்ட பள்ளியில் அதிர்ஷ்டம் வேலை செய்தது 25 பேருக்கு மட்டும். குலுக்கலைக் கல்வி அமைச்சு கணினி மூலம் மையமாக நடத்துகிறது. பள்ளி முதல்வரைப் போய்ப் பார்ப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நிரந்தரவாசிக் குடும்பங்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். பள்ளிச் சுவரை ஒட்டிய புளோக்கில் குடியிருந்தாலும், 2 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள குடியுரிமைப் பிள்ளைக்குப் பின்னால்தான் நம் பிள்ளை நிற்கும். பார்க்கப்படுவது பிள்ளையின் குடியுரிமைத் தகுதி, பெற்றோருடையதல்ல. 2020 முதல் நிரந்தரவாசிகள் அதிகமாகச் சேரும் சில பள்ளிகளில் அவர்களுக்கு 25 முதல் 30 விழுக்காடு என்ற உச்சவரம்பும் உண்டு.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? நாம் நடக்கும் தூரம் அல்ல, நேர்கோட்டுத் தூரம். நடுவில் கால்வாய் ஓடி, பாலம் சுற்றி 20 நிமிடம் நடந்து போனாலும், நேர்கோட்டில் 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் உள்ளேதான். முன்பு பள்ளிக்குள் ஒரு புள்ளியிலிருந்து அளந்தார்கள். 2022 முதல் பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள். பெரிய வளாகம் உள்ள பள்ளிகளுக்கு இதனால் சில புளோக்குகள் உள்ளே வந்தன. அரசின் வரைபடத் தளமான ஒன்மேப்பில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் எந்தெந்தப் பள்ளி எந்தத் தூரத்துக்குள் வருகிறது என்று காட்டிவிடும். வீட்டு முகவர் விளம்பரத்தில் போடும் "1 கி.மீ.க்குள்" என்பதை நம்பி முன்பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

முகவரி வெறும் காகிதமாக இருக்கக்கூடாது. தூர முன்னுரிமையில் இடம் பெற்றால், பதிவு தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியில் குடும்பம் உண்மையிலேயே வசிக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளையை இடமிருக்கும் வேறு பள்ளிக்கு மாற்ற அமைச்சுக்கு அதிகாரம் உண்டு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய், தாத்தா பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அவர்கள் முகவரியைக் காட்டவும் வழி உண்டு. அதற்குத் தனியாக அறிவிக்க வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி மறந்துவிடுவது தாய்மொழிப் பாடத்தை. எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் தமிழ் இல்லை. சிறப்பு உதவித் திட்டத் தொடக்கப்பள்ளிகளில் தாய்மொழி சீனம் மட்டும்தான். குலுக்கலுக்குப் பேர்போன நன்யாங், ஆய் டோங் எல்லாம் இந்த வகை. தமிழ் வேண்டும் என்று முடிவு செய்தால் அந்தப் போட்டியிலிருந்து தானாகவே விலகிவிடுகிறோம், அதில் எனக்கு வருத்தமில்லை. வேறு சில பள்ளிகளில் தமிழ் வகுப்பு இல்லாமல், பள்ளி முடிந்து இன்னொரு பள்ளிக்குப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். ஏழு வயதுப் பிள்ளையை யார் கூட்டிப்போவது? பதிவுக்கு முன்பே பள்ளியைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.

சரி, ஒரு கட்டத்துக்கு ஒரு பள்ளி என்பதன் விலை என்ன? 2சியில் பேர்போன பள்ளிக்குப் போட்டுத் தோற்றால், பக்கத்துப் பள்ளி நமக்காகக் காத்திருக்காது. அதுவும் அதே 2சியில் நிறைந்திருக்கலாம். துணைக் கட்டத்தில் மிஞ்சியிருக்கும் பள்ளிகளில்தான் தேட வேண்டும். அங்கேயும் கிடைக்கவில்லை என்றால், இடம் இருக்கும் ஒரு பள்ளியை அமைச்சே ஒதுக்கும். குடியுரிமைப் பிள்ளைக்குப் பள்ளி இல்லாமல் போகாது, ஆனால் பேருந்தில் போக வேண்டிய பள்ளியாக அமையலாம். பொங்கோல் மாதிரி இளம் குடும்பங்கள் நெருக்கமாக உள்ள பேட்டைகளில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

என் கணக்கு இதுதான். கடந்த ஆண்டுகளில் அந்தப் பள்ளியில் எந்தக் கட்டத்தில், எந்தத் தூர வரிசையில் குலுக்கல் விழுந்தது என்ற விவரத்தை அமைச்சே இணையத்தில் போடுகிறது. பதிவு நடக்கும் நாட்களில் எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம் என்றும் பார்க்கலாம். 1 கிலோமீட்டருக்குள்ளேயே குலுக்கல் விழும் பள்ளிக்கு 1.5 கிலோமீட்டரிலிருந்து போடுவது, பேருந்து போன பிறகு நிறுத்தத்தில் நிற்பதைப் போல. நம் வரிசையில் குலுக்கல் விழும் பள்ளி என்றால் போட்டுப் பார்க்கலாம், தோற்றால் எங்கே போவது என்று முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொண்டு.

வேலைக்காக வந்து தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. மூன்றாம் கட்டத்துக்கு முன்பே இணையத்தில் விருப்பம் தெரிவிக்க வேண்டும். இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கையில் மாற்று ஏற்பாடு இல்லாமல் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கடைசியாக அந்தத் தம்பி கேட்டது: "முதல் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியே போட்டுட்டேன், ரெண்டாவதுக்கும் இதே பாடா அண்ணே?" இல்லை. மூத்தவள் அங்கே படித்துக்கொண்டிருக்கும்போது பதிந்தால் முதல் கட்டத்திலேயே இளையவனுக்கு இடம் உறுதி. இருவருக்கும் இடைவெளி அதிகமாகி, பதிவின்போது மூத்தவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டிருந்தால், அவள் முன்னாள் மாணவி. தம்பி 2ஏயில் நிற்பான், அங்கே குலுக்கல் வரலாம். அவர் பிள்ளைகளுக்கு நான்கு வயதுதான் வித்தியாசம்.