பொம்மை வீட்டு கிட் வாங்குகிறீர்களா? பெட்டிக்குள் வராத சாமான்களைப் பற்றிக் கொஞ்சம்

போன மாதம் ஒரு பெண், ஷூ பெட்டி அளவுள்ள ஒரு பொம்மை வீட்டைத் துண்டில் சுற்றிப் பத்திரமாக மடியில் வைத்து ஆட்டோவில் என் பட்டறைக்கு வந்தார். சின்னப் புத்தகக் கடை, மாடியில் ஒரு படுக்கையறை, ஏணி, தொங்கும் விளக்கு. மூன்று வாரம் ராத்திரி பிள்ளை தூங்கின பிறகு உட்கார்ந்து கட்டியதாம். வேலை நன்றாகவே இருந்தது, ஆனால் ஜன்னல் அத்தனையும் பால் படிந்ததுபோல வெளுத்துப் போயிருந்தது. "துடைச்சா போகுமா சார்?" என்றார். போகாது.

நான் கட்டட மாடல் செய்கிறவன். ஃபிளாட் விற்கிறவர்கள் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்களே, அதுதான் என் பிழைப்பு. பொம்மை வீடு என் தொழில் இல்லை, ஆனாலும் துண்டுகளை நாமே ஒட்டிக் கட்டுகிற இந்த கிட்டுகள் ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்ததிலிருந்து பாதியில் நின்றுபோனவற்றைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: எனக்குக் கை வராது சார். பிரித்துப் பார்த்தால் பசை தப்பாக இருக்கும், இல்லாவிட்டால் ப்ளேடு மொட்டையாக இருக்கும்.

முதலில் பசை. அந்த ஜன்னலை வெளுக்க வைத்தது நிமிஷத்தில் ஒட்டும் சூப்பர் க்ளூ. காற்றில் உள்ள ஈரம் பட்டுத்தான் அது இறுகும், இறுகும்போது அதிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். நம் ஊர் ஈரக் காற்றில், அதுவும் நாலு பக்கமும் சுவர் வைத்த சின்ன அறைக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். நான் ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடி மாதிரித் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) வெட்டி, ஓரத்தில் மட்டும் வெள்ளைப் பசை தொட்டு ஒட்டிக் கொடுத்தேன். அது காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது.

மரத்துக்கும் வெள்ளைப் பசைதான், தச்சர்கள் பயன்படுத்துகிற ஃபெவிகால் வகை. டியூபிலிருந்து நேரே பிதுக்காதீர்கள். ஒரு மூடியில் கொஞ்சம் எடுத்து, பல்குச்சி நுனியால் மெல்லிசாகத் தடவி, மாஸ்கிங் டேப்பாலோ துணி கிளிப்பாலோ அரை மணி நேரம் பிடித்து வையுங்கள். ஒட்டிவிட்டதுபோலத் தோன்றினாலும் முழு பலம் வர ஒரு நாள் ஆகும், அதற்குள் மேல்மாடியை ஏற்றிவிட்டு சுவர் சாய்கிறது என்று கிட்டைத் திட்டக்கூடாது. சுவரில் ஒட்டுகிற காகிதத்துக்கு மட்டும் இது சரிவராது, தண்ணீர் இருப்பதால் காகிதம் சுருங்கிப் பொங்கும். அதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் க்ளூ ஸ்டிக் போதும், காலாவதியான ஏடிஎம் கார்டால் நீவி விடுங்கள்.

அப்போ சூப்பர் க்ளூவே வேண்டாமா? கம்பி, மணி, உலோகத் துணுக்குகளுக்கு வேண்டும். ஆனால் ஒரு விஷயம், பலருக்குத் தெரியாது. என் பட்டறையில் ஒரு பையன் மேஜையில் கொட்டிய சூப்பர் க்ளூவை பனியன் வேஸ்ட்டால் துடைத்தான். சில வினாடிதான், துணியிலிருந்து புகை வந்தது, 'ஆ' என்று உதறினான், உள்ளங்கையில் கொப்புளம். பருத்தித் துணியோடு இந்தப் பசை சேர்ந்தால் வேகமாக இறுகும், அந்த வேகத்தில் கடும் சூடு கிளம்பும். பஞ்சு, பனியன், பருத்திக் கையுறை எதுவும் அதன் பக்கம் வரக்கூடாது. விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், தோல்தான் வரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் டாக்டரிடம் ஓட வேண்டும், இமையை வலுக்கட்டாயமாகத் திறக்கக்கூடாது, நெயில் பாலிஷ் ரிமூவர் அந்தப் பக்கமே போகக்கூடாது.

அடுத்து ப்ளேடு. என் இடது ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இருக்கிறது, அது புது ப்ளேடு போட்டதில்லை. மொட்டை ப்ளேடு. கூர் இல்லாததால் அழுத்தினேன், அழுத்தியதால் வழுக்கியது, அவ்வளவுதான் கதை. கூர்மையான ப்ளேடைப் பார்த்து பயப்படுகிறவர்கள் பழையதையே வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பயம். நுனி நுனியாக ஒடித்துப் போடுகிற கட்டரை 1956-ல் ஜப்பானில் ஓல்ஃபா நிறுவனத்தை உருவாக்கியவர்தான் கண்டுபிடித்தார், சாக்லேட் கட்டியை ஒடிப்பதைப் பார்த்து வந்த யோசனையாம். ஒடிப்பதற்குத்தான் அந்தக் கோடுகள் இருக்கின்றன, ஆனால் நம்மில் பலர் ஒரே நுனியை வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம்! நுணுக்கமான வேலைக்கு மெடிக்கல் கடையில் கிடைக்கும் 11-ம் நம்பர் சர்ஜிகல் ப்ளேடும், அதற்கேற்ற 3-ம் நம்பர் கைப்பிடியும் அருமையாக இருக்கும். ப்ளேடை விரலால் மாட்டாமல் குறட்டால் பிடித்து மாட்டுங்கள்.

மரப் பலகையில் துண்டுகள் லேசரால் வெட்டப்பட்டு, அங்கங்கே பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் அமுக்கித் தள்ளினால் நாற்காலிக் காலே ஒடிந்து வரும். அந்தப் பொட்டுகளை மட்டும் ப்ளேடால் பின்பக்கமிருந்து தொட்டுவிடுங்கள், துண்டு தானாக விழும். எதை வெட்டினாலும் ஒரே இழுப்பில் வேண்டாம், நாலைந்து முறை லேசாக ஓட்டுங்கள். கீழே கட்டிங் மேட், பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல். பிளாஸ்டிக் ஸ்கேலென்றால் ப்ளேடு அதைச் செதுக்கிக்கொண்டு மேலே ஏறி விரலுக்கு வந்துவிடும்.

தீர்ந்த ப்ளேடை எங்கே போடுகிறீர்கள்? நேரே குப்பையில் போட்டால் அதைக் கையால் பிரிக்கிற ஒருவரின் விரலுக்குத்தான் போய்ச் சேரும். தகர டப்பா மூடியில் ஒரு கீறல் போட்டு உள்ளே தள்ளிவிடுங்கள், நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே 'ப்ளேடு' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறைச் செலவு. கிட்டோடு வரும் ட்வீசரின் இரண்டு முனையும் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்க்காது, செல்போன் ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கும் வளைந்த முனை ட்வீசர் வாங்கிக்கொள்ளுங்கள், சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். லேசர் கருக்கிய ஓரத்தைத் தேய்க்க 220-ம் நம்பர் உப்புத்தாள். அந்தக் கரி அப்படியே இருந்தால் பசை சரியாகப் பிடிக்காது, வெள்ளைச் சுவர்க் காகிதத்தில் விரல் ரேகையாகவும் பதியும். தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள், எம்டிஎஃப் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகை என்றால் கண்டிப்பாக. வீட்டில் மிச்சம் கிடக்கும் ஒரு தரை டைல்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிடச் சமமான மேஜை கிடைக்காது, பசையும் சுரண்டினால் வந்துவிடும்.

அப்புறம் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டம். இதை யாருமே வைத்துக்கொள்வதில்லை. கிட்டின் அளவு விகிதம் 1:24 என்றால் நிஜ வீட்டில் 24 மி.மீ. இருப்பது இங்கே 1 மி.மீ. ஆக உங்கள் சுவர் மூலையில் 1 மி.மீ. சந்து விழுந்தால், நிஜ வீட்டில் கிட்டத்தட்ட ஒரு அங்குல வெடிப்பு. முதல் இரண்டு சுவர் சதுரமாக நிற்காவிட்டால் கூரை உட்காரவே உட்காராது, அதனால் பசை இல்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் பலகையின் இரண்டு பக்கமும் அடியுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் அப்பளம் மாதிரி வளையும். ரோட்டரி டூல் (சுழன்று தேய்க்கிற குட்டி மெஷின்), ஏர்பிரஷ் (பெயிண்ட் தெளிக்கிற கருவி) எல்லாம் மூன்றாவது வீட்டுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக விளக்கு. எல்இடியின் நீளக் கால் பாசிட்டிவ், கூரையை ஒட்டுவதற்கு முன்பே எரிகிறதா என்று பாருங்கள், இதில் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியது பேட்டரியைப் பற்றி. சில கிட்டுகளுக்கு சிஆர்2032 என்கிற காசு மாதிரியான பேட்டரி, 20 மி.மீ. அகலம். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கும் அளவு, சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கிட்டின் பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கலாம், ஆனால் கட்டி முடித்து அலமாரியில் வைத்தபின் அதைப் பார்த்துக் கை நீட்டுவது இரண்டு வயதுப் பிள்ளைதான்.

அந்தப் புத்தகக் கடையிலும் அப்படித்தான், பேட்டரி மூடிக்குத் திருகே இல்லை, நகத்தால் நெம்பினால் வந்துவிட்டது. பையனுக்கு என்ன வயது என்று கேட்டேன். ரெண்டரை என்றார். மூடியில் திருகு உள்ள, ட்ரிபிள் ஏ பேட்டரி இரண்டு போடுகிற பெட்டி ஒன்றை மாற்றி வைத்தேன். வோல்ட் அதே 3 தான் என்றாலும் இதில் கரண்ட் தாராளமாகப் பாயும் என்பதால், பல்பு கருகாமல் இருக்க நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்தேன். வெளிச்சம் கொஞ்சம் மங்கல்தான். "இதுதான் சார் பழைய புத்தகக் கடை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.