தெற்குக் கோபுரத்தை எத்தனை பிக்சலில் அடைக்கலாம்?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர் உயரம். ஒரு வீடியோ கேமில் அதை அடியிலிருந்து கலசம் வரை திரை நிறைய நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். 1080பி திரையில் மேலிருந்து கீழாக இருப்பது 1080 பிக்சல்கள்தான். அப்படியென்றால் ஒரு பிக்சலின் பங்குக்குக் கோபுரத்தில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் வருகிறது. ஒரு மீட்டர் உயரச் சுதைச் சிற்பத்துக்கு 21 பிக்சல், அதன் முகத்துக்கு மூன்று. 4கே திரைக்கு மாறினாலும் முகத்துக்கு ஆறுதான். ஆறு பிக்சலில் மூக்கும் முழியும் எப்படி வரும்?

ஆனால் அதே கோபுரத்தைக் கேமராவில் படம்பிடித்து, வெறும் 720×576 பிக்சல் உள்ள பழைய டிவிடியில் போட்டால் அசலாகத் தெரிகிறது. காரணம் எளிது. கேமராவின் ஒவ்வொரு பிக்சலும் தனக்கு எதிரே உள்ள பரப்பிலிருந்து வரும் ஒளியை மொத்தமாக வாங்கிச் சராசரி ஆக்குகிறது. கேமோ, சும்மா விட்டால், பிக்சலுக்கு ஒரே ஒரு புள்ளியைத்தான் எட்டிப் பார்க்கும். அந்தப் புள்ளி இந்தப் பிரேமில் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று) சிற்பத்தின் மூக்கில் விழும்; அடுத்த பிரேமில் பார்வை சற்று நகர்ந்ததும் பக்கத்து இருட்டுச் சந்தில் விழும். கோபுரம் முழுக்க மினுமினுவென்று கொதிப்பது போலத் தெரிவது இதனால்தான்.

இதற்கான மருந்து பழையது. லான்ஸ் வில்லியம்ஸ் 1983இல் வெளியிட்ட மிப்மேப் முறைதான் இன்றும் பெரும்பாலான கேம்களில் ஓடுகிறது. 4096×4096 அளவுள்ள டெக்ஸ்ச்சர் (பொருளின் பரப்பில் ஒட்டும் படம்) ஒன்றுக்கு 2048, 1024, 512 என்று பாதி பாதியாகக் குறைத்து, ஒற்றைப் பிக்சல் வரை, அசலையும் சேர்த்து 13 படிகள் முன்கூட்டியே தயாராக இருக்கும். தூரத்துச் சிற்பத்துக்குச் சிறிய படியை எடுத்தால் சராசரி ஏற்கெனவே போட்டு வைத்தாயிற்று. கூடுதலாகப் பிடிக்கும் நினைவகம் மூன்றில் ஒரு பங்குதான். சுருக்காமல் வைத்தால் இந்த ஒரு டெக்ஸ்ச்சருக்கே 64 எம்பி வேண்டும். பிக்சலுக்கு ஒரு பைட் ஆகும் பிசி7 முறையில் சுருக்கினால் 16 எம்பி.

மிப்மேப் தரையில் சறுக்கும். பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிய பிராகாரத்தில் நின்று நீளவாக்கில் பாருங்கள்: தூரத்தில் ஒரு பிக்சலுக்குள் அடங்கும் தரை அகலத்தில் குறைவு, நீளத்தில் பல மடங்கு. நீளத்துக்கு ஏற்ற சிறிய படியை எடுத்தால் கல்லின் இணைப்புக்கோடுகளும் கோலமும் கரைந்த மாவாகிவிடும். அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் 16எக்ஸ் வைத்தால், அந்த நீளத்தில் 16 இடங்கள் வரை தொட்டுப் பார்க்கும். இன்றைய கிராபிக்ஸ் கார்டுகளுக்கு இது கொசுறு வேலை. செட்டிங்ஸில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான், பலர் தொடுவதே இல்லை.

கிட்டே போனால் கதை வேறு. சிற்பத்தின் ஒவ்வொரு நகை முத்தையும் முக்கோணங்களாக அடுக்கினால் கார்டு திணறும். ஆகவே விவரம் மிகுந்த மாதிரி ஒன்றைச் செய்து, அதன் மேடுபள்ளங்கள் எந்தத் திசை பார்க்கின்றன என்பதை மட்டும் நீலம் பூத்த ஒரு படமாக, அதாவது நார்மல் மேப்பாக, எடுத்து எளிய மாதிரியின்மேல் ஒட்டுகிறார்கள். விதை 1978இல் ஜேம்ஸ் பிளின் போட்டது. ஒளி முத்தில் பட்டது போல ஒருபுறம் பளிச்சிட்டு மறுபுறம் இருளும், முத்து மட்டும் இருக்காது. பொய் பிடிபடுவது ஓரத்தில்தான்: சிற்பத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் வெளிக்கோடு வழவழவென்று இருக்கும்.

அடுத்தது ஒளி. திருமலை நாயக்கர் மகாலில் முற்றத்து வெயில் தரையில் பட்டு எகிறி, தூண்களின் அடியையும் வளைவுகளின் உட்புறத்தையும் மெல்ல வெளிச்சமாக்குகிறது. இந்த எகிறல் இல்லாத கேமில் தூண் தரையில் நிற்காமல் மிதக்கும். முன்பு இதைக் கணக்கிட்டு டெக்ஸ்ச்சரிலேயே பதித்துவிடுவார்கள். அழகாக இருக்கும், ஆனால் பொழுது சாய்ந்தால் ஒளி மாறாது. ஒளிக்கதிர்கள் போகும் வழியைப் பின்தொடரும் ரே டிரேசிங் முறையோ இதை ஒவ்வொரு பிரேமிலும் கணக்கிடுகிறது. வினாடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. அதற்குள் 4கேயின் 83 லட்சம் பிக்சலுக்கும் போதிய கதிர்களை விட முடியாது. கொஞ்சமாக விட்டு, வரும் புள்ளிப்புள்ளியான படத்தைத் துடைத்தெடுக்கிறார்கள்.

அதனால்தான் அப்ஸ்கேலிங், அதாவது சிறிதாக வரைந்து பெரிதாக்குவது. என்விடியாவின் அப்ஸ்கேலிங் நுட்பமான டிஎல்எஸ்எஸ்ஸின் பெர்ஃபார்மன்ஸ் முறையில் 4கே படம் உண்மையில் 1920×1080இல், கால்வாசிப் பிக்சலில் வரையப்படுகிறது. பிரேமுக்குப் பிரேம் பார்க்கும் புள்ளியைச் சற்றே நகர்த்தி, பழைய பிரேம்களோடு சேர்த்து முழுப் படத்தை ஒட்டவைக்கிறது. எது எங்கே நகர்ந்தது என்ற தகவல் தவறினால் கோபுரத்தைக் கடந்து பறக்கும் புறாவுக்குப் பின்னால் வால் நீளும். டெக்ஸ்ச்சரில் ஒரு படி பெரிய மிப்பை எடுக்கச் சொல்ல கேமைச் செய்தவர்கள் மறந்தால், சுவர்கள் 1080பி மங்கலிலேயே நின்றுவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது: மானிட்டரின் சொந்த ரெசல்யூஷனையே வையுங்கள். 1080பி பேனலில் 720பி ஓட்டினால் ஒரு பிக்சல் ஒன்றரைப் பிக்சலாக விரிய வேண்டும், மங்காமல் என்ன செய்யும். டெக்ஸ்ச்சர் தரத்தைக் கார்டின் நினைவகம் தாங்கும் வரை ஏற்றுங்கள். நிரம்பினால்தான் வேகம் அடிபடும், சுவர் முதலில் சேறாக வந்து பிறகு தெளியும். நிழலை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் பிரேம் மிச்சமாகும், வித்தியாசம் தெரிவது அரிது. அசைவை மங்கலாக்கும் மோஷன் பிளர், படத்தில் புள்ளிகள் தூவும் ஃபிலிம் கிரெய்ன் இரண்டையும் அணையுங்கள். விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங் லேசாகப் போதும். கூடினால் கோபுர விளிம்பில் வெள்ளைக் கோடு முளைக்கும். டிவியில் ஓட்டுபவர்கள் கேம் மோடைப் போட்டு ஓவர்ஸ்கேனை எடுத்துவிட வேண்டும். படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கி எல்லா வேலையையும் கெடுப்பது அதுதான்.

சித்திரை வெயிலில் லேப்டாப்பில் விளையாடுபவர்களுக்கு இன்னொன்று. தொடங்கும்போது பளிச்சென்று இருந்த படம் அரைமணி நேரத்தில் மங்கினால் கண்ணைக் குறை சொல்ல வேண்டாம். சூடேறிய சிப் தன் வேகத்தைக் குறைக்கிறது, 16.7 மில்லி வினாடிக்குள் முடியாததால், டைனமிக் ரெசல்யூஷன் சத்தமில்லாமல் பிக்சலைக் குறைக்கிறது. அதை அணைத்துவிட்டு, பிரேமை 40 அல்லது 45க்குக் கட்டுப்படுத்தி, விசிறித் துவாரத்தில் அடைந்த தூசியைத் தட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.