எஃப்ளுவென்ட்: ஆலைக் கழிவுநீர்

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டப் பட்டணங்களில் செம்பனை எண்ணெய் ஆலை இருந்தால், அதன் பின்னால் வரிசையாகக் குளங்களும் இருக்கும். அவற்றில் நுரைத்துக் கிடக்கும் பழுப்புத் தண்ணீரை நம் ஆட்கள் 'மில்லு தண்ணி' என்பார்கள். மலாய் மொழியில் அந்தக் குளங்கள் 'கோலாம் எஃப்ளுவென்'. கோலாம் நம் குளம்தான். தமிழிலிருந்து போன சொல்.

எஃப்ளுவென்ட் லத்தீன் வழி வந்தது. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ஃப்ளுவெரே' என்றால் பாய்தல். சொல்லுக்குள் அழுக்கே இல்லை. ஏரியிலிருந்து புறப்படும் ஆற்றையும் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வதுண்டு. ஆலைகள் பெருகிய பிறகுதான் அவை வெளியேற்றும் நீருக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென 1977இல் வந்த விதிகளும் இந்த நீரைக் கட்டுப்படுத்துகின்றன. நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே முக்கிய அளவுகோல். சுத்திகரிக்காத மில்லு தண்ணியில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1978இல் 5,000 வரை விட்டார்கள். படிப்படியாக இறக்கி 1984இல் 100 ஆக்கினார்கள். ஆறு ஆண்டுகளில் ஐம்பதில் ஒரு பங்கு! ஒரு தொழிலை இப்படி நெருக்கிப் பிடித்தது அந்தக் காலத்தில் துணிச்சலான காரியம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வெறும் 'கழிவுநீர்' போதாது. கழிவறை நீரும் அதில் அடங்கிவிடும். மலாயில் அதற்கு 'கும்பாஹான்' என்று தனிச்சொல் உண்டு. 2009இல் தொழிற்சாலைக் கழிவுநீருக்கும் கும்பாஹானுக்கும் விதிகளே தனித்தனியாக வந்தன. 'வெளிப்பாய்வு' மூலத்துக்கு நெருக்கம், ஆனால் கேட்பவருக்கு எதுவும் விளங்காது. 'நச்சுநீர்' தவறு. ஆலையில் குலைகளை நீராவியில் அவித்துப் பிழிகிறார்கள், எண்ணெய் எடுக்க ரசாயனம் சேர்ப்பதில்லை. இந்த நீர் அப்படியே ஆற்றில் கலந்தால் மீன்கள் சாவது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோய் மூச்சுமுட்டித்தான்.

ஆகவே 'ஆலைக் கழிவுநீர்' என்பதே பொருத்தம். சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் புகார் எழுதும்போது 'சுத்திகரிக்காத ஆலைக் கழிவுநீர்' என்று எழுதுங்கள். சுத்திகரித்து, வரம்புக்குள் விடுவதற்கு உரிமம் உண்டு. குற்றமாவது வரம்பு மீறல். அப்புறம், எந்த ஆறு, எந்த நாள், என்ன நிறம், என்ன நாற்றம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.