சைட்டேஷன்னா மேற்கோள் இல்ல, சுட்டல்

போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு விழா மலருக்கு ப்ரூஃப் பாக்கச் சொல்லி எங்கிட்ட குடுத்தாங்க. நம்ம ஏரியாலயே பொறந்து வளந்து யூராலஜி படிச்சு ஆராய்ச்சி பண்ற ஒரு டாக்டருக்குப் பாராட்டு விழா. அவரப் பத்தி இங்லீஷ்ல இருந்த ரெண்டு பக்கத்த யாரோ தமிழ்ல மாத்தி அனுப்பிருந்தாங்க. அதுல ஒரு வரி, "சிறுநீரகவியல் துறையில் ஆயிரக்கணக்கான மேற்கோள்களைப் பெற்று பெரும் பாதிப்பை ஏற்படுத்தியவர்". நான் வாய்விட்டுப் படிச்சத பக்கத்துல பூ கட்டிக்கிட்டிருந்த எங்க அத்தை கேட்டுட்டு, "இன்னாபா, டாக்டரு குறள் மாதிரி எதுனா எழுதறாரா? பாதிப்புன்றியே, யாருக்கு இன்னா ஆச்சு?"ன்னாங்க. அவங்க கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. இங்லீஷ்ல இருந்தது 'சைட்டேஷன்', அதாவது ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை இன்னொரு கட்டுரையக் காட்டறது. அத 'மேற்கோள்'னு போடற இந்தத் தப்ப நான் பேப்பர்லயும் டிவிலயும் பல தடவ பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் விட்டுட்டேன், இந்தத் தடவ எழுதிடணும்னு உக்காந்துட்டேன்.

சொல்லோட பொறப்ப சீக்கிரம் சொல்லிடறேன். லத்தீன்ல 'சிட்டாரே'ன்னா கூப்புடறது, வரச்சொல்றது. இங்லீஷ்ல 'சைட்' மொதல்ல கோர்ட்டுக்கு ஆள வரவழைக்கற அர்த்தத்துலதான் இருந்துச்சு, அப்புறம் சாட்சிக்கு ஒரு நூல வரவழைக்கறதுன்னு மாறுச்சு. ஆராய்ச்சில இத எண்ணிப் பாக்கற வழக்கத்துக்கும் கோர்ட்டுதான் வழிகாட்டி. எந்தத் தீர்ப்ப எந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்லுதுன்னு ஷெப்பர்ட்னு ஒருத்தர் அமெரிக்காவுல 1873ல பட்டியல் போட ஆரம்பிச்சாரு. அதப் பாத்துதான் யூஜின் கார்ஃபீல்ட்ங்கற அமெரிக்கத் தகவல் அறிவியல்காரர் 1955ல, அறிவியல் கட்டுரைக்கும் அதே மாதிரி அட்டவணை வேணும்னு எழுதினாரு, 1960கள்ல அத நடத்தியும் காட்டினாரு. இன்னிக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேடற கூகுள் ஸ்காலர்ல ஒரு டாக்டர் பேரத் தட்டினா வர்ற எண்ணிக்கையெல்லாம் அந்த வழில வந்ததுதான்.

இப்ப மேற்கோளுக்கு வரேன். மேல் கூட கோள், கொள்ளுதல்லேர்ந்து வந்த கோள். தர்க்கத்துல அதுக்கு வேற அர்த்தமும் உண்டு, ஒருத்தர் நிறுவ எடுத்துக்கிட்ட கருத்து. ஆனா நம்ம காதுல இன்னிக்கு அது எப்படி விழுது? பத்தாவதுல தமிழ் கட்டுரை எழுதறப்ப டீச்சர் என்ன சொல்வாங்க, "மேற்கோள் போட்டு எழுதுனாதான் மார்க்கு"ம்பாங்க. அதாவது குறளையோ பாரதியார் வரியையோ அப்படியே, ஒரு எழுத்து மாறாம எடுத்துப் போடணும். அதுக்கு ரெண்டு பக்கமும் போடற குறிக்குப் பேரே மேற்கோள் குறி. மேற்கோள்னு சொன்ன உடனே தமிழ் படிச்சவன் மனசுல அந்தக் குறிதான் வருது, அதுக்குள்ள இருக்கற வார்த்தைங்க வருது.

ஆராய்ச்சில நடக்கறது அது இல்லவே இல்ல. 1980ல ம்யூனிக்ல கிறிஸ்டியன் ஷாஸியும் அவர் கூட இருந்தவங்களும், உடம்ப வெட்டாம வெளிலேர்ந்து அதிர்வலைய அனுப்பி சிறுநீரகக் கல்ல ஒடச்சுக் காட்டி லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல எழுதினாங்க. இப்ப நம்ம ஊர்ல ஒரு டாக்டர் கல் ஒடைக்கறதப் பத்தி கட்டுரை எழுதறாருன்னு வைங்க, "இந்த முறை 1980லேர்ந்து இருக்கு"ன்னு ஒரு வரி எழுதி மேல சின்னதா ஒரு நம்பர் போடுவாரு, அந்த நம்பருக்கு நேரா கடைசிப் பக்கத்துல அந்த லான்செட் கட்டுரை இருக்கும். ஷாஸி எழுதின ஒரு வார்த்தைகூட இதுல வரல. அங்க போய் பாருன்னு கைய நீட்டிக் காட்டிருக்காரு, அவ்ளோதான். நீட்டிக் காட்டறதுக்குத் தமிழ்ல சுட்டறதுன்னு பேரு. அத செய்யற வெரலுக்கே சுட்டுவிரல்னுதான பேரு?

வார்த்தைய எடுக்கறது வேற, கருத்தச் சொல்றது வேறங்கறது நம்மளுக்குப் புதுசும் கெடயாது. "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்"னு நன்னூல் பாயிரம் சொல்லுது பாருங்க, மொழிபொருள் தனி, மொழி தனி. தொல்காப்பியத்துல மொத நூற்பாவுலயே "முப்பஃது என்ப"ன்னு வருது. எழுத்து முப்பதுன்னு எனக்கு முன்னாடி இருந்தவங்க சொல்றாங்கங்கறாரு, அவங்க வரி ஒண்ணக்கூட எடுத்துப் போடல. 'என்ப', 'மொழிப', 'என்மனார் புலவர்'னு நூல் முழுக்க சுட்டிக்கிட்டே போறாரு. நூல் எழுதறதுக்கு நன்னூல் சொல்ற 32 உத்தியில 'பிறன்கோட் கூறல்' இருக்கு, அதாவது அடுத்தவர் கொள்கையச் சொல்றது, 'பிறநூல் முடிந்தது தான் உடன்படுதல்' இருக்கு, 'தொகுத்துச் சுட்டல்'னும் ஒண்ணு இருக்கு. அங்க அதுக்கு அர்த்தம் வேற, ஒத்துக்கறேன், ஆனா சுட்டல்ங்கற சொல் நான் உக்காந்து செஞ்சது இல்லங்கறதுக்குச் சொல்றேன். இவ்ளோ சொத்த கைல வச்சிக்கிட்டு நாம மேற்கோள்னு ஒரே டப்பால எல்லாத்தையும் போட்டு மூடறோம்.

இதப் பத்தி மொழிபெயர்ப்பு வேலை பாக்கற ஒரு அண்ணன் கிட்ட மணிக்கணக்கா பேசிருக்கேன். அவரு சொல்றது, தமிழ் விக்கிப்பீடியாவுலயே கட்டுரைக்கு அடில 'மேற்கோள்கள்'னுதான போடறாங்க தம்பி, ஜனங்க பழகிட்டாங்க, நீ எதுக்கு மாத்தறன்னு. பழகினது சரிதாண்ணா, ஆனா அங்க பக்கத்துக்கு அடில ஒரு பட்டியல் கண்ணுக்குத் தெரியுது, தலைப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் படிக்கறவங்க புரிஞ்சிப்பாங்க. "இவர் ஆயிரம் மேற்கோள் பெற்றவர்"னு தனியா ஒரு வரில வந்தா என்ன புரியும்? எங்க அத்தைக்குப் புரிஞ்ச மாதிரிதான் புரியும். இன்னொண்ணும் இருக்கு. நான் அடுத்தவங்கள காட்டறது ஒண்ணு, அடுத்தவங்க என்ன காட்டறது ஒண்ணு, ஆராய்ச்சியாளர் மதிப்பு ரெண்டாவதுலதான் இருக்கு. 'சுட்டினார்', 'சுட்டப்பட்டார்'னு ஒரே வினை ரெண்டு பக்கமும் சுத்தமா போகுது. மேற்கோள வச்சிக்கிட்டு 'மேற்கோள் காட்டினார், மேற்கோள் காட்டப்பட்டார்'னு இழுத்தாலும் மறுபடி அந்த வார்த்தைய அப்படியே எடுத்த அர்த்தம்தான் ஒட்டிக்குது.

சிலபேரு 'சான்று'ம்பாங்க. அது இன்னும் தப்பு. ஒருத்தர் கட்டுரைய தப்புன்னு சொல்றதுக்காகவும் சுட்டுவாங்க, அப்ப அது சான்றா? போதாததுக்கு சான்றுன்னா இங்க ஜாதிச் சான்று, வருமானச் சான்று, தாலுக்கா ஆபீஸ் ஞாபகம்தான் வரும். 'எடுத்தாள்கை' நல்ல சொல்லுதான், ஆனா அதுவும் எடுத்து ஆண்டாங்கன்னு சொல்லுது, எடுக்காம வெறுமனே காட்டறதுக்கு அது பொருந்தாது. 'சுட்டு'ன்னா சுட்டுப் போட்டாங்க, திருடிட்டாங்கன்னு எங்க ஏரியால அர்த்தம் வருமேன்னு அந்த அண்ணன் கேட்டாரு. அதுக்குத்தான் நான் 'சுட்டு'ன்னு நிறுத்தாம 'சுட்டல்'ங்கறேன். சுடுங்கற வினைலேர்ந்து சுடல், சுடுதல், சுடப்பட்டதுன்னுதான் வரும், சுட்டல், சுட்டப்பட்டதுன்னு வரவே வராது. எலக்கணமே வேலி போட்டு வச்சிருக்கு.

அடுத்தது 'பாதிப்பு'. இம்பாக்ட்ங்கறத பாதிப்புன்னு போட்டவங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும், புயல் பாதிப்பு, வெள்ள பாதிப்புன்னு நாம சொல்ற சொல்ல ஒரு டாக்டர் பண்ண வேலைக்குப் போடலாமா? தாக்கம் பரவால்ல. ஆனா 'இம்பாக்ட் ஃபேக்டர்'க்கு 'தாக்கக் காரணி'ன்னு போடறது அர்த்தத்தயே மறைக்குது. காரணின்னா ஒண்ணு நடக்கறதுக்குக் காரணமா இருக்கறது. இங்க அது வெறும் வகுத்தல் கணக்கு: ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகைல முந்தின 2 வருஷத்துல வந்த கட்டுரைங்களுக்கு இந்த வருஷம் கெடச்ச சுட்டல, அந்தக் கட்டுரைங்களோட எண்ணிக்கையால வகுக்கறாங்க. 'சுட்டல் சராசரி'ன்னு சொன்னா எட்டாவது படிக்கற புள்ளைக்குக்கூட புரியும். இது பத்திரிகைக்கு உள்ள கணக்கு, ஆளுக்கு இல்ல, மலர்ல "டாக்டரின் தாக்கக் காரணி"ன்னே இன்னொரு எடத்துல இருந்துச்சு. ஆளுக்கு உள்ளது வேற, 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் சொன்ன எச் இண்டெக்ஸ். ஒருத்தரோட 20 கட்டுரை ஒவ்வொண்ணும் கொறஞ்சது 20 தடவ சுட்டப்பட்டிருந்தா அவருக்கு 20, இருபத்தொண்ணுக்கு 21 கட்டுரை 21 தடவ வேணும்.

அந்த எண்ணிக்கையயும் அப்படியே தராசுல வைக்க முடியாது. 2004ல வந்த கிளாவியன்-டிண்டோ வகைப்பாடு, ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற சிக்கல எந்தத் தரம்னு பிரிச்சு சொல்றது, யூராலஜிக்காரங்களும் வயித்து ஆபரேஷன்காரங்களும் எல்லாருமே அதத்தான் சுட்டறாங்க, அதனால அந்த மாதிரி கட்டுரை எண்ணிக்கை எங்கயோ போயிடும். ஆனா 1960கள்ல டொனால்ட் க்ளீசன் புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரம் வகுத்தாரே, நம்ம எம்.சி. ரோடு பக்கத்து லேப் ரிப்போர்ட்ல கூட க்ளீசன் ஸ்கோர்னு வருது, எழுதறவங்க பலபேரு கட்டுரைய சுட்டறதே இல்ல, பேரச் சொன்னாலே போதும்னு ஆயிடுச்சு. அங்க சுட்டல் கொறஞ்சது பெருமை கூடினதாலதான். இதையெல்லாம் 'மேற்கோள்'ங்கற சொல்ல வச்சிக்கிட்டு எப்படி வெளக்குவீங்க?

'சிறுநீரகவியல்' தப்புனால நெஜமாவே ஆளுங்க அலையறாங்க. அது நெஃப்ராலஜி, சிறுநீரகம் வேலை செய்யாம போறது, டயாலிசிஸ், அந்தப் பக்கம். யூராலஜி சிறுநீரியல், கல்லு, நீர்ப்பை, புராஸ்டேட், கத்தி எடுக்கற பக்கம். எங்க மாமாவுக்கு ரத்தத்துல கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு, ஏறினப்போ ஒரு ஆஸ்பத்திரில ரெண்டு போர்டுலயும் சிறுநீரகம்னே எழுதிருந்துச்சு, காலைலேர்ந்து மதியம் வரைக்கும் தப்பான லைன்ல நின்னுட்டு மறுநாள் வாங்கன்னு அனுப்பிட்டாங்க. ஒரு 'அகம்' கூட வந்ததுக்கு ஒரு நாள் போச்சு. மொழிபெயர்க்கறவங்க டிக்ஷனரில மொதல்ல இருக்கற சொல்ல எடுத்து ஒட்டறதுக்கு முன்னாடி அந்தத் துறைல ஒருத்தர ஒரு போன் பண்ணிக் கேட்டா போதும், அதக்கூட இப்ப யாரும் செய்யறதில்ல, மெஷின் குடுக்கறத அப்படியே அச்சுக்கு அனுப்பறாங்க.

மலர்ல அந்த வரிய இப்படி மாத்திக் குடுத்துருக்கேன்: "சிறுநீரியல் ஆய்வாளர். இவர் கட்டுரைகளை உலகெங்கும் உள்ள மருத்துவர்கள் தங்கள் ஆய்வுகளில் ஆயிரக்கணக்கான முறை சுட்டியிருக்கிறார்கள்." அத்தை கிட்ட மறுபடி படிச்சுக் காட்டினேன். "அப்ப வெளிநாட்டு டாக்டருங்களே இவரப் போயி பாருன்றாங்கோ, அதான?"ன்னாங்க. அதேதான் அத்தைன்னேன். கமிட்டில ஒருத்தரு மட்டும் சுட்டல் புது வார்த்தையா இருக்கே, மேற்கோள்னே போட்டுடலாமேன்னு இன்னும் சொல்லிட்டு இருக்காரு, ஞாயித்துக்கிழமை அச்சுக்குப் போறதுக்குள்ள அவர் கிட்ட ஒரு தடவ நேர்ல பேசணும்.