போஸ்ட்கிரேனியல்: தலை நீங்கலான எலும்புகள்

போன வாரம் லூசியைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையை மகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த, சுமார் 32 லட்சம் ஆண்டு பழைய, மனிதனின் முன்னோடி இனத்துப் புதைபடிவம். "லூசியின் பின்மண்டை எலும்புகளே அதிகம் கிடைத்தன" என்ற வரி வந்ததும் அவள் கை தானாகப் பிடரிக்கு மேலே முடிக்குள் போனது. "இந்த எலும்பாப்பா?" என்றாள்.

இல்லை, நேர் எதிர். மண்டையில் கிடைத்தவை கீழ்த்தாடையும் சில சில்லுகளும்தான். விலா, முதுகெலும்பு, இடுப்பு, கை, தொடை ஆகியவற்றைத்தான் மூலக் கட்டுரை சொல்லியிருக்கும். இந்தப் பிழையை நான் பார்ப்பது முதல் தடவையல்ல.

ஆங்கிலச் சொல் போஸ்ட்கிரேனியல். 'போஸ்ட்' லத்தீனில் பின். 'கிரேனியம்' மண்டையோடு, கிரேக்கத்திலிருந்து வந்தது. நாலுகால் விலங்கில் தலை முன்னால், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். அவ்வளவுதான்.

பிழை எங்கே நேர்கிறது? தமிழில் அடை முன்னால் நிற்கும். பின்கட்டு என்றால் வீட்டின் ஒரு பகுதி. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வேறொன்று அல்ல. அதேபோல் பின்மண்டை மண்டையின் ஒரு பகுதி. சொல்லை இரண்டாக வெட்டி, இரண்டையும் தமிழாக்கி, அதே வரிசையில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். அகராதியில் இரண்டு துண்டுக்கும் பொருள் சரியாகத்தான் இருந்திருக்கும். ஒட்டிய சொல்லை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் மொழிபெயர்ப்பாளரின் கையும் பிடரிக்குப் போயிருக்கும்.

இன்னொன்று 'மண்டையோட்டுக்குப் பிந்தைய எலும்புக்கூடு'. இது அதைவிட மோசம். பிந்தைய என்பது நமக்குக் காலம். போருக்குப் பிந்தைய, தேர்தலுக்குப் பிந்தைய என்று நாளும் படிக்கிறோம். மண்டை முதலில் வளர்ந்து, எலும்புக்கூடு அப்புறம் வளர்ந்ததா?

'கபாலம் தவிர்த்த எலும்புகள்' என்போர் பொருளை நெருங்கிவிட்டார்கள். ஆனால் கண்டிப்பாகப் பார்த்தால் கபாலத்தில் கீழ்த்தாடை சேராது. தவிர்த்தது போக மிஞ்சியதில் தாடை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆய்வாளர்களோ தாடையைத் தலையோடுதான் வைக்கிறார்கள். நம்மிடம் தாடையையும் சேர்த்துச் சொல்லும் சொல் இருக்கிறது: தலை.

தலைவேறு முண்டம்வேறு என்று சொல்கிற மொழி இது. முண்டம் பொருளால் கச்சிதம். ஆனால் அது வசையாகிவிட்டது, வெட்டுப்பட்ட நினைப்பும் கூடவே வருகிறது. அதனால் கட்டுரையில் முதலில் வரும் இடத்தில் 'தலை நீங்கலான எலும்புகள்' என்று எழுதலாம். அடுத்தடுத்து 'உடலெலும்புகள்' போதும். உடலில் தலையும் அடக்கம்தானே என்று கேட்கலாம். முதலில் ஒரு தடவை விளக்கிவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

இதற்கு ஏன் இவ்வளவு என்றால், எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்ற பழமொழி புதைபடிவங்களுக்கு எப்போதும் பொருந்தாது. லூசி நிமிர்ந்து நடந்தாள் என்று காட்டியவை இடுப்பெலும்பும், முழங்காலை நோக்கி உள்சாய்ந்த தொடையெலும்பும்தான். நம் அரியலூர் கல்லமேட்டில் கிடைத்து 1980களின் இறுதியில் விவரிக்கப்பட்ட புருகத்காயோசாரஸ் என்ற டைனோசர் முழுக்க முழுக்க உடலெலும்புகளால் அறியப்பட்டது: இடுப்பெலும்பு, தொடை, கீழ்க்கால், முன்கை எலும்புகள், ஒரு வால் முள்ளெலும்பு. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் என்று விவரித்தார்கள். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தி, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணிகளில் சேர்த்தார்கள். அந்த எலும்புகள் பின்னர் நொறுங்கிப்போய்விட்டன. பெயரிலேயே காயம், அதாவது உடல் இருக்கிறது. அதைப் போய்ப் 'பின்மண்டை எலும்புகளால் அறியப்பட்டது' என்று எழுதினால், கிடைக்காத ஒன்றைக் கிடைத்ததாகச் சொல்கிறோம். எனக்கு ஆற்றாமை இங்கேதான். ஒரு சொல் அழகில்லாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்; தகவலையே தலைகீழாக்கினால் எப்படிப் பொறுப்பது?

பெயரடையாக வரும் இடங்களிலும் 'உடலெலும்பு' நன்றாகவே உட்காருகிறது: உடலெலும்பு அளவுகள், உடலெலும்பு ஆய்வு, உடலெலும்புச் சிதறல்கள்.